எட்டு வருடம் எலும்பு மாத்திரை சாப்பிட்டவருக்குத் தொடை முறிந்தது: கம்பெனி மேல் கேஸ் போடலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு முறை திருப்பிச் சொல்கிறேன். கீழக்கரையில் இருக்கும் உங்கள் உம்மாவுக்கு 66 வயது. எலும்புப்புரை என்று சொல்லி, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையை எட்டு வருடமாகச் சாப்பிட்டு வந்தார். நாலைந்து மாதமாக வலது தொடையில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். போன வருடம் ஒரு நாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே திரும்பினார், தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஷார்ஜாவில் இருக்கும் நீங்கள் நெட்டில் தேடினால், இதே மாத்திரைக்காக அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுக்கிறார்கள் என்று வருகிறது. நாமும் கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இது தலையெழுத்தா, யாராவது செய்த தவறா, தவறென்றால் யாருடையது?

நான் ராமநாதபுரத்தில் வக்கீல். பெரும்பாலும் நுகர்வோர் வழக்குகள், அதில் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டவை கணிசம். டாக்டர் இல்லை. எலும்பு டாக்டர்களைக் குறுக்கு விசாரணை செய்வதற்காகப் படித்த அளவுதான் எனக்கு மருத்துவம் தெரியும். உங்கள் உம்மாவின் எக்ஸ்ரேயையும் நான் பார்க்கவில்லை. அதனால் கீழே ‘அப்படி இருந்தால்’ என்பது நிறைய வரும்.

கேஸைப் பிறகு பேசலாம். இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: இடது தொடை முழுவதற்கும் ஒரு எக்ஸ்ரே. இந்த மாத்திரையால் வரும் முறிவு சில பேருக்கு இரண்டு தொடையிலும் வருகிறது. எலும்பு ஒரே நாளில் முறிவதில்லை. வெளிப்பக்கத்தில் மெல்லிய கீறலாகத் தொடங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வலியைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் முறிந்துவிடுகிறது. அந்தக் கீறலை முன்கூட்டியே பார்த்துவிட்டால் இரண்டாவது முறிவைத் தடுக்க வழி உண்டு. இன்னமும் அவர் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. தொடர்வதா நிறுத்துவதா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் ‘எல்லா எலும்பு மருந்தையும் உடனே நிறுத்துங்கள்’ என்று எழுதியிருக்கிறார். அது ஆபத்தான யோசனை. அலெண்ட்ரோனேட்டை நிறுத்தினால் எலும்பில் தங்கிய மருந்து கொஞ்ச காலம் வேலை செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் என்ற எலும்பு ஊசி அப்படியில்லை. அதை நினைத்தபடி நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்குவது உண்டு. படிக்கிற மற்றவர்கள் வீட்டில் அந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

இனி மருத்துவத்தில் சந்தேகமில்லாத பகுதி. அலெண்ட்ரோனேட் வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. முதுகெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும், தேவைப்படுகிறவர்களுக்கு, ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன. ஆனால் எலும்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்வதும் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டுவதன் மூலம்தான். பல வருடம் அது மந்தப்பட்டால், தினமும் பாரம் தாங்கும் தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் விழும் சின்னக் கீறல்கள் ஆறாமல் சேர்கின்றன. இந்த முறிவு அரிதானது. ஒரு லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் மூன்று முதல் ஐம்பது பேருக்கு என்றும், நீண்ட காலம் சாப்பிட்டவர்களில் நூறு வரை என்றும் 2013-இல் எலும்பு ஆய்வாளர் குழு ஒன்று கணக்குச் சொன்னது. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு இது கூடுதல் என்று 2020-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் மாத்திரை என்றால் சுமார் ஐந்து வருடத்தில், இதே வகையில் வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசி என்றால் மூன்று வருடத்தில், நிறுத்தி இடைவெளி விடலாமா என்று டாக்டர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஒத்துக்கொள்ளப்பட்ட நடைமுறை. எல்லாரும் ஐந்து வருடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. யோசிக்காமலேயே எட்டு வருடம் ஓடியதா என்பதுதான் உங்கள் வழக்கில் கேள்வி.

சந்தேகத்துக்கு உரியது, உம்மாவுக்கு வந்தது அந்த வகை முறிவுதானா என்பது. 66 வயதில் எலும்புப்புரை உள்ளவருக்குச் சாதாரணமாகவே எலும்பு முறியும். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும். இதற்கு விடை ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் இருக்கிறது. முறிவு இடுப்பு மூட்டுக்குக் கீழே, தொடைத் தண்டில் இருக்க வேண்டும். கோடு வெளிப்பக்கத்தில் தொடங்கி ஏறக்குறைய குறுக்காகப் போயிருக்கும். எலும்பு துண்டு துண்டாகச் சிதறியிருக்காது. உள்பக்கத்தில் ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கலாம். முறிந்த இடத்தில் வெளிப்பக்க எலும்பு அலகு மாதிரி சற்றுத் தடித்திருக்கும். இவற்றோடு, விழாமலோ நின்ற உயரத்திலிருந்து விழுந்தோ முறிந்ததும், அதற்கு முன் மாதக்கணக்கில் தொடையில் வலி இருந்ததும் சேர்ந்தால், பாதி கேஸ் நிரூபணமான மாதிரி. முறிவு இடுப்பு மூட்டின் கழுத்துப் பகுதியில் என்றால், வருத்தமாக இருந்தாலும் சொல்கிறேன், மாத்திரை மேல் பழி போட முடியாது.

அந்தப் படத்தைத் தேடி எடுங்கள். நம் ஊரில் எக்ஸ்ரே கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ போய்விடும். கடற்கரை ஈரத்தில் உறையோடு ஒட்டிக்கொள்ளும், சில வகை ஃபிலிம் வெக்கையில் கறுத்துப்போகும். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பதிவை சிடியில் கேட்டு வாங்குவது உத்தமம். கூடவே கேஸ் ஷீட் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதி இருக்கிறது. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கடமை என்பதும் அதே விதியில்தான். கேஸ் ஷீட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சேர்க்கும்போது கேஷுவாலிட்டியில் எழுதிய முதல் வரி. ‘வழுக்கி விழுந்தார்’ என்று வழக்கமாக ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவார்கள், யார் எதைச் சொன்னாலும். அப்படி இருந்தால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட இருந்தவரின் சாட்சியம் இன்னும் முக்கியமாகிறது.

இப்போது நீங்கள் நெட்டில் பார்த்த அமெரிக்கக் கதை. அங்கே இந்த மருந்தை ஃபோசமாக்ஸ் என்ற பெயரில் மெர்க் கம்பெனி 1995-இல் அனுமதி வாங்கி விற்றது. வழக்குகள் இரண்டு வகை. தாடை எலும்பு அழுகியது என்பது ஒன்று. அதில் 2010-இல் ஒரு ஜூரி 80 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை 15 லட்சம் டாலராகக் குறைத்தார். 2013 டிசம்பரில் மெர்க் மொத்தம் 2 கோடியே 77 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசியது. கோடி என்றதும் கண் விரிகிறது, ஆனால் வழக்காளிகள் ஆயிரத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஏறக்குறைய 25 ஆயிரம் டாலர்தான். அன்றைய மதிப்பில் சுமார் 15 லட்சம் ரூபாய், வக்கீல் பங்கு போவதற்கு முன்னால். தொடை முறிவு இரண்டாவது வகை. இதில் கதை வருடக்கணக்கில் இழுத்தது. 2008-இல் மெர்க் எச்சரிக்கையைச் சேர்க்க அனுமதி கேட்டது, 2009-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்த வாசகத்தை மறுத்தது, 2010 அக்டோபரில் அதே நிர்வாகமே எச்சரிக்கை போடச் சொன்னது, 2011 ஜனவரியில் லேபிள் மாறியது. ‘நாங்கள் போடக் கேட்டோம், அரசு விடவில்லை’ என்பது கம்பெனியின் வாதம். ‘நீங்கள் சாதாரணக் கீறல் மாதிரி மழுப்பி எழுதிக் கேட்டதால்தான் மறுத்தார்கள்’ என்பது எதிர்வாதம். 2019 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதை முடிவு செய்ய வேண்டியது ஜூரி அல்ல, நீதிபதி என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. 2022-இல் கீழ் நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. உங்கள் உம்மா சாப்பிட்டது இந்தியக் கம்பெனி தயாரித்த மாத்திரை என்பதால் அந்தச் சண்டையில் நமக்கு இடமில்லை. ஆனால் அதிலிருந்து நமக்கு உதவும் தேதி ஒன்று கிடைக்கிறது: 2010-11-க்குப் பிறகு இந்த முறிவு உலகத்துக்குத் தெரியாத விஷயம் என்று எந்தக் கம்பெனியும் எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. அதில் ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயம், 82 முதல் 87 வரை பிரிவுகள். 84-ஆம் பிரிவின்படி, போதுமான பயன்பாட்டு அறிவுரையோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளர் பொறுப்பாவார். இதைப் படித்தவுடன் கேஸ் ஜெயித்த மாதிரி இருக்கும். அடுத்து 87-ஐப் படிக்க வேண்டும். நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் கொடுக்கப்பட வேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்குத் தயாரிப்பாளர் நியாயமான வழியில் எச்சரிக்கை கொடுத்திருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்று தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது. அலெண்ட்ரோனேட் டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டிய மருந்து. கம்பெனி வக்கீல் மருந்தோடு வரும் துண்டுச்சீட்டை நீட்டுவார். தொடை முறிவு பற்றி அதில் ஒரு வரி இருந்தால் போதும், அவர் ஏறக்குறைய வெளியே போய்விடுவார். ஆகவே கேஸ் போடும் முன் அந்தக் கம்பெனியின் துண்டுச்சீட்டை, முடிந்தால் பழைய வருடத்ததையும் சேர்த்து, கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் நிலைமை தலைகீழ். அப்போது கம்பெனிதான் முதல் எதிர்த்தரப்பு. இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. உம்மா மாத்திரையைத் தொடங்கியது இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால். முறிவும் கடைசி சில வருட விற்பனையும் சட்டம் வந்த பிறகு என்பதால் இது பொருந்தும் என்று நான் வாதிடுவேன். எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மெடிக்கல் கடையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எனக்கோ சந்தேகம் அங்கேதான் போகிறது. எட்டு வருடத்துக்கும் புதுச் சீட்டு இருந்ததா? நம் பக்கம் நடப்பது உங்களுக்கே தெரியும். மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டையோ காலி அட்டையையோ பையனிடம் கொடுத்து அனுப்புவார்கள். கடைக்காரர் அட்டையில் ரெண்டு மாத்திரையைக் கத்தரித்துக் காக்கி உறையில் போட்டுக் கொடுப்பார். துண்டுச்சீட்டு பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சடித்த ஓரம் எந்தப் பாதியில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பில்லும் கிடையாது. 86-ஆம் பிரிவு விற்பனையாளரைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையோ அறிவுரையையோ விற்கும்போது வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் தீங்கு வந்தால் அவர் பொறுப்பு. கத்தரித்த அட்டைக்கு இந்த வாசகம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. கருத்துத்தான், பில் இல்லாமல், அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்பதை நிரூபிப்பதே பெரும்பாடு. நீங்கள் ஷார்ஜாவிலிருந்து ஜிபேயில் கடைக்குப் பணம் அனுப்பியிருந்தால், வாட்ஸ்அப்பில் மாத்திரை படம் போட்டு ஆர்டர் செய்திருந்தால், அதை அழிக்காதீர்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் காலி அட்டைகளையும் தூக்கிப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

ஆனால் என் கணிப்பில் வழக்கின் கனம் டாக்டர் பக்கம்தான் இருக்கிறது, அதிலும் இரண்டு டாக்டர்கள். எழுதிக் கொடுத்தவர் ஒருவர். அவர் ‘மூன்று மாதத்துக்குத்தான் எழுதினேன், அவர்களாகத் தொடர்ந்தார்கள்’ என்று சொல்லித் தப்பிக்கக்கூடும். சீட்டில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது, அதன் பிறகு அவரிடம் எத்தனை தடவை போனார்கள், போனபோது ‘மாத்திரையைத் தொடருங்கள்’ என்று எழுதினாரா என்பதெல்லாம் இதில் வரும். தொடங்கும்போதே பக்கவிளைவைச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு மட்டும் தனியாக நிற்காது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் கணிசமான அபாயங்களை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. வெகு அரிதான அபாயங்களைச் சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. லட்சத்தில் சில பேர் என்ற கணக்கை டாக்டர் தரப்பு இங்கேதான் எடுத்து வைக்கும். இரண்டாமவர், தொடை வலி என்று போனபோது ஊசி போட்டவர். ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டாரா? எக்ஸ்ரே எழுதினாரா? இந்த மருந்து சாப்பிடுபவருக்குப் புதிதாகத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வலி வந்தால் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது பத்து வருடத்துக்கும் மேலாக எழுத்தில் இருக்கும் விஷயம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு, விளைவு மோசமானதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார், சராசரித் திறமையுள்ள டாக்டர் செய்திருக்கக் கூடியதைச் செய்தாரா என்று பாருங்கள் என்றது. அந்த அளவுகோலை வைத்தே நாலைந்து மாத ஊசிக் கதையைக் கேள்வி கேட்க முடியும். உம்மா அவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொன்னாரா என்பதை இப்போதே உம்மாவிடம் நிதானமாகக் கேட்டு வையுங்கள். சொல்லவில்லை என்றால் இல்லையென்றே இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் மாட்டினால் மற்ற உண்மைகளும் சேர்ந்து போய்விடும்.

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கியது என்றால் மேலே சொன்ன நுகர்வோர் வழி பெரும்பாலும் அடைபடும். எல்லாருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே தீர்ப்பு இருக்கிறது. அப்போது சிவில் நீதிமன்றம்தான்.

எங்கே போடுவது என்பதில் கவலை வேண்டாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் வழக்காளி வசிக்கும் ஊரிலேயே போடலாம். அதாவது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல, பொருளுக்கோ சிகிச்சைக்கோ எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் மாவட்டமா மாநிலமா என்று முடிவாகிறது. 50 லட்சம் வரை மாவட்டம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். தோற்றால் 45 நாளில் மாநில ஆணையத்துக்கு அப்பீல். மதுரையிலேயே அதன் கிளை இருக்கிறது.

கடினமான பகுதி நிபுணர் சாட்சியம். ‘இது அந்த மாத்திரையால் வந்த முறிவு’ என்று ஒரு எலும்பு டாக்டர் எழுத்தில் தர வேண்டும். எல்லா வழக்கிலும் நிபுணர் கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், எக்ஸ்ரேயின் நுணுக்கத்தில் நிற்கும் இந்த மாதிரி வழக்கில் அது இல்லாமல் போவது வீண் வேலை. உள்ளூரில் சக டாக்டருக்கு எதிராக எழுத ஆள் கிடைப்பது அரிது. ராடு வைத்த மதுரை டாக்டரே தன் குறிப்பில் ‘நீண்டகால மாத்திரையால் வந்த முறிவு’ என்ற பொருளில் எழுதியிருந்தால் அது தங்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாவிட்டாலும் ஆபரேஷன் நோட்டில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர் குழுவின் கருத்தைப் பெற்றுத் தருமாறு ஆணையத்திடமே மனுப் போட்டுக் கேட்கலாம்.

‘ஜெயித்தால் முப்பது சதவீதம்’ என்று ஒருவர் உங்களிடம் பேசியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அது சகஜம். இங்கே வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை. அவர் வக்கீலா, புரோக்கரா என்று முதலில் விசாரியுங்கள். தொகையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செலவு, பிஸியோதெரபி, ஆள் வைத்த செலவு, வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, அவ்வளவுதான் கணக்கில் வரும். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமான இழப்பு இல்லை என்று எதிர்த்தரப்பு கூசாமல் வாதிடும். கோடியை மனதில் வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். டாக்டர்கள் பலர் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பதால், நடுவில் சமரசத்துக்கு அழைப்பு வந்தாலும் வரலாம்.

கடைசியில் ஒரு வரியில், உம்மாவுக்குப் பல் பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருட மாத்திரைக் கதையைப் பல் டாக்டரிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்கார வேண்டாம். தாடை எலும்பு வெளியே தெரிந்து எட்டு வாரத்துக்கு மேல் மூடாமல் இருப்பது இந்த மருந்தின் இன்னொரு அரிய விளைவு, பல் பிடுங்கிய இடத்தில்தான் அதிகம் தொடங்குகிறது. புற்றுநோய்க்கு நரம்பில் அதிக அளவில் ஏற்றிக்கொள்பவர்களோடு ஒப்பிட்டால் வார மாத்திரைக்காரர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் பயப்படத் தேவையில்லை, சொன்னால் போதும். தொடை முறிவைப் பக்கவிளைவாகப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துடையது. அதில் பணம் வராது, ஆனால் தேதியோடு ஒரு பதிவு கிடைக்கும்.

காலக்கெடு இரண்டு வருடம். முறிந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் பத்திரமான கணக்கு. காரணம் பிறகுதான் தெரியவந்தது என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணும் வாதமும் இருக்கிறது, ஆனால் 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் விட்டுப்போன துணி ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது என்று சொன்ன பெண்ணுக்கே, இத்தனை வருடம் வலியோடு இருந்தும் ஏன் பரிசோதிக்கவில்லை என்று கேட்டு, காலம் கடந்துவிட்டதாகத் தள்ளுபடி செய்தார்கள். வழக்காளி உம்மாதான், நீங்கள் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டு, ஊரில் இருக்கும் யாருக்காவது எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் ஷார்ஜாவிலிருந்து வர வேண்டியதில்லை.